வெளியிடும் தேதி

என் மகளுக்கு வந்திருப்பது என்ன வியாதி என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, வாசலில் பட்டம் பட்டமாக எழுதிய பலகை, தெரியாது என்று சொல்லவா இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வாயைத் திறந்து கேட்கவில்லை. பக்கத்தில் என் மனைவி இருந்தாள். மகள் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நடந்தவள்தான், ஓடியவள்தான். மணிமுத்தாறு அணையைப் பார்க்கப் போன இடத்தில், சமதரையில் நடக்கும்போதே விழுந்தாள். எழுந்து மறுபடியும் விழுந்தாள். செருப்பு சரியில்லை என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். திரும்பி வருகிற வழியில் புதுச் செருப்பும் வாங்கினோம். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடை போயிற்று. நடைக்குப் பின்னாலேயே பேச்சும் கிளம்பியது. ஐந்து வயது முடியும்போது அவளிடம் ‘அம்மா’ இருந்தது, ‘தா’ இருந்தது, ‘அப்பா’ போய்விட்டிருந்தது. இது எனக்கு எவ்வளவு வலித்தது என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

நானும் என் மனைவியும் கேட்க நினைத்தது ஒரே கேள்விதான். பிள்ளை எத்தனை காலம் இருப்பாள்? இரண்டு பேருமே கேட்கவில்லை. டாக்டரே பாதி சொன்னார். “இந்த மாதிரிப் பிள்ளைங்க பொதுவா...” என்று ஆரம்பித்தவர், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இந்த மாதிரி என்றால் எந்த மாதிரி? இவளைப் போல இன்னொருத்தி கிடையாது என்று இப்போதுதானே சொன்னார்? பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரி. என்னை முதல் நாளிலேயே அண்ணே என்று கூப்பிட்டாள். நானும் என் மனைவியும் ஆளுக்கொரு குழாயில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தோம். மகளுக்குத் துப்ப வராது என்பதால் பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவி எடுத்தார்கள். அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

மாதக்கணக்கில் சத்தமே இல்லை. பிறகு ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்து, “உங்க ரெண்டு பேருக்கும் சொந்தம் உண்டா, அண்ணே?” என்று கேட்டாள்.

“சொந்தம் இல்லாம எப்படி? என் தாய்மாமா மகள்லா.”

“கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்துட்டு. தாயும் தகப்பனும் இவ்வளவு நெருக்கமா இருக்காங்களே, குழாய் கலந்துபோச்சோன்னு கேக்குது.”

கம்ப்யூட்டருக்கு எங்கள் ஊர்க் கல்யாணம் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. மகளுடைய மரபணு ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதே மாற்றம் எனக்கும் உண்டு, என் மனைவிக்கும் உண்டு. தாயிடமிருந்து ஒரு பாதி, தகப்பனிடமிருந்து ஒரு பாதி என்றுதான் மரபணு வருமாம், எங்களுக்கு அது ஒரு பாதியில் மட்டும் இருப்பதால் தொந்தரவில்லை. மகளுக்கு இரண்டு பாதியிலும் வந்து சேர்ந்துவிட்டது. என் அம்மாவையும் மாமாவையும் பெற்றவர்கள் ஒரே ஆட்கள்தானே, அங்கிருந்துதான் இரண்டு வழியாகவும் இறங்கியிருக்க வேண்டும் என்றாள். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. தாத்தா செத்தே எவ்வளவோ காலமாகிறது.

“அப்ப இதுதான் வியாதியா?” என்று என் மனைவி கேட்டாள்.

“இருக்கலாம் அக்கா. ஒரே ஒரு பிள்ளையை வச்சு உறுதியாச் சொல்ல முடியாது. இதே மாத்தம் உள்ள இன்னொரு பிள்ளை எங்கயாவது கிடைச்சாத்தான் இது இன்னதுன்னும், போகப்போக என்ன ஆகும்னும் தெரியும். அதுக்கு இதைப் பொதுக் காப்பகத்துல போடணும். உலகத்துல எங்க இருந்தும் தேடிப் பாக்குத இடம் அது.”

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். பழைய ஆவணங்கள் இருக்கிற அறையின் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். மாற்றுச் சான்றிதழின் நகல் வேண்டும் என்றால்கூட விண்ணப்பம் எழுதிக் கொண்டுவா என்று திருப்பி அனுப்புகிற ஆள். ஆவணத்தைப் பூட்டி வைப்பதுதான் காப்பது என்று நினைத்திருந்தவன். இவள் சொல்கிற காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றால் அதில் காப்பது எங்கே இருக்கிறது? கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். பிள்ளையின் மரபணு எழுத்துகளின் முழு வரிசை பூட்டிய அறைக்குள் இருக்கும், காரணம் சொல்லிக் கேட்கிற ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டும், ஒரு குழு சம்மதித்தால் திறப்பார்கள். அந்த ஒரு மாற்றமும், பிள்ளைக்கு இருக்கிற தொந்தரவுகளும் மட்டும் வெளியே எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். பெயர் இராது, எண்தான். புரிந்துவிட்டது என்று தலையாட்டினேன். வாசல் தாண்டும்போது எது உள்ளே எது வெளியே என்று மறுபடியும் குழம்பிவிட்டது.

சம்மதக் கடிதத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டு, என் மனைவியின் இடத்திலும் நானே போடப் போனேன். எங்கள் வீட்டில் எல்லாக் காகிதத்திலும் அப்படித்தான். அந்தப் பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி காகிதத்தை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது, ஏனென்றால் நான் வாசிக்கவில்லை.

“பிறகு வேண்டாம்னா எடுத்துரலாமா?” என்று கேட்டாள்.

“எடுக்கலாம் அக்கா. ஆனா அதுக்குள்ள எடுத்துட்டுப் போனவங்க கையில இருந்து திரும்ப வாங்க முடியாது.”

என் மனைவி அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

காப்பகத்துக்கான விவரங்களை நிரப்ப நானும் உடன் உட்கார்ந்தேன். விவரம் நிரப்புவதுதானே என் வேலை, இதிலாவது நான் கெட்டிக்காரன் என்று காட்டலாம் என்று ஓர் ஆசை. முதல் கேள்வி, இது எந்த உயிரினம் என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. “கோழி, வாழை, கிருமி எல்லாம் இதே காப்பகத்துலதான் வருது அண்ணே, அதுக்குக் கேக்காங்க” என்றாள். மனிதன் என்று போட்டாள். மாதிரி எது என்று இருந்த இடத்தில் கன்னத்தின் உட்புறம். ஊர் என்ற இடம் வந்ததும் நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பிள்ளை இவள் ஒருத்திதான். வயதும் ஊரும் தொந்தரவும் போட்டால் பெயரே போட்ட மாதிரிதானே?

அதற்கும் அதில் வழி இருந்தது. தெரியாது என்று ஒரு பதில், கேட்டு வாங்கவில்லை என்று ஒரு பதில், தெரியும் ஆனால் சொல்ல விருப்பமில்லை என்று இன்னொரு பதில். மூன்றும் வேறு வேறாம். எங்கள் அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கோடு இழுத்துவிடுவோம். நான் மூன்றாவதைப் போடச் சொன்னேன். இந்தியா என்பதோடு நின்றது.

கடைசியில் ஒரு கேள்வி. வெளியிடும் தேதி. இப்போதே வெளியிடலாம், அல்லது ஒரு தேதி சொன்னால் அதுவரை யார் கண்ணிலும் படாமல் உள்ளே கிடக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு மாமாவின் ஞாபகம் வந்தது.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. அவருடைய இளைய மகளுக்கு அப்போது நாங்குநேரி பக்கம் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் அவர்களிடம் சொல்லியிருந்தோம். அது ரத்தத்தில் வருகிறது என்று சொல்லவில்லை. சாயங்காலம் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“ஏலே மருமவனே, உனக்கு மூளை இருக்கா? பொண்ணு வீட்டு ரத்தத்துல கோளாறுன்னு ஊருக்கெல்லாம் போர்டு வைக்கவா போற?”

“பேர் வராது மாமா. நம்பர்தான்.”

“நம்பரக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆவும்? பேச்சு முடிஞ்சு, கல்யாணம் முடியட்டும். பைய போட்டுக்கிடலாம்.”

ஆய்வுக்கூடப் பெண்ணைக் கேட்டேன். மாப்பிள்ளை சொந்தத்தில் இல்லையே, அவர்களுக்குப் பிறக்கிற பிள்ளைக்கு இது வர அநேகமாக வாய்ப்பே இல்லை என்றாள். அதை மாமாவிடம் சொன்னால், “அதை அவங்கள்ட்ட நீ போய்ச் சொல்லுதியா?” என்று கேட்டார். நான் போகவில்லை. மாமா சொன்னதும் நியாயமாகப் பட்டது, அந்தப் பெண் சொன்னதும் நியாயமாகப் பட்டது, என் மனைவி ஒன்றும் சொல்லாமல் இருந்ததும் நியாயமாகப் பட்டது. எல்லாம் நியாயம் என்றால் ஒருவன் என்னதான் செய்வது? கடைசியில் போட்டும் போடாமலும் ஒரு வழி செய்தேன். வரிசையை அனுப்பிவிடலாம், வெளியிடும் தேதியைக் கல்யாணத்துக்குப் பிறகு வைக்கலாம் என்றேன். அனுப்பும்போது இணையம் அறுந்து அறுந்து போக, அந்தப் பெண் மறுபடியும் மறுபடியும் முதலிலிருந்து அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது, ஒரு நீளமான எண்ணோடு. காப்பகத்தில் வைத்தாயிற்று என்று வீட்டில் சொன்னோம். தேதி தள்ளி வைத்தது எனக்கும் மாமாவுக்கும் என் மனைவிக்கும்தான் தெரியும். அத்தைக்குச் சொல்லவில்லை.

அந்த இடைவெளியில் மகள் கையில் டம்ளரைப் பிடிப்பதை விட்டாள். முந்தின வாரம் பிடித்தாள், அந்த வாரம் பிடிக்கவில்லை. என் மனைவி அதை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமாவின் மனைவி, எனக்கு மாமியார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும் அவருக்கு. எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் ஜெப விண்ணப்பத்தை எழுதிப் பெட்டியில் போடுவார்கள், ஆராதனையில் ஐயர் அதை வாசிப்பார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். மற்றவர்கள் சுகவீனம், பரீட்சை, வேலை என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வார்கள். என்ன ஏது என்று சொல்லாமல் ஜெபிக்கச் சொன்னால் சபை எதை நினைத்து ஜெபிக்கும் என்பது அத்தையின் கட்சி.

மாப்பிள்ளை வீட்டார் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கே ஆராதனைக்கு வந்திருந்தார்கள். முடிந்ததும் வீட்டில் சாப்பாடு. அதற்காக மாமா உவரியிலிருந்து சீலா மீன் வரவழைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா எங்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நல்ல பட்டுச் சேலை, கையில் வேதப்புத்தகம். ஐயர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

“நமது சபையின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அவர்களுடைய பேத்திக்காக ஜெபிப்போம். ஐந்து வயதான இந்தச் சிறுபிள்ளைக்குப் பெற்றோர் இருவர் வழியாகவும் வந்த மரபணு மாற்றத்தால் நடக்கும் பெலனும் பேசும் திறனும் குறைந்துவருகின்றன. பிள்ளையின் மரபணு வரிசை உலகமெங்கும் உள்ளவர்கள் காணும்படி பொதுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் காணவேண்டியவர்களுடைய கண்களுக்கு ஆண்டவர் அதைக் காட்டும்படியாக ஜெபிப்போம்.”

காப்பகத்தில் ஊர்ப் பெயர்கூட வரக்கூடாது என்று நான் மல்லுக்கட்டியது என்ன, இங்கே ஒலிபெருக்கியில் பாட்டி யார் என்பதுவரைக்கும் போய்க்கொண்டிருந்தது என்ன. தெருவில் கடை வைத்திருக்கிறவர்களுக்கும் கேட்டிருக்கும். மாமா குனிந்தவர் நிமிரவில்லை. ஜெபம் என்று நினைத்திருப்பார்கள். சபை முழுவதும் கண்ணை மூடி ஆமென் சொன்னது. எனக்கும் பழக்கத்தில் வாயில் ஆமென் வந்துவிட்டது. முன் வரிசையில் அந்தப் பட்டுச் சேலையின் முதுகு அசையவில்லை.

என் மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடவில்லை. மடியில் கிடந்த மகளையும் பார்க்கவில்லை. நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

சாப்பாடு நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் மீன் நன்றாக இருக்கிறது என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேர் என்ன என்று மட்டும் கேட்டார். அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் மாமா அத்தையைப் பிடித்துக்கொண்டார். “உன்னை யாரு எழுதிப் போடச் சொன்னா?” அத்தைக்கு ஒன்றுமே விளங்கவில்லை. “ஊரெல்லாம் பாக்கணும்னுதான போட்டீங்க? அதைத்தான நானும் எழுதினேன்? இதுல என்ன தப்பு?” என்று உண்மையாகவே கேட்டார்.

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். எல்லாரும் இருக்கும்போதே என்னிடம் சொன்னாள்.

“அத்தான், சபை முழுக்க உக்காந்து ஜெபிச்சிருக்கு, யாராவது பாக்கணும்னு. பூட்டி வச்சிருக்கது நாம. இந்த ஊர்ல தெரியாதவங்க இனி யாரும் இல்ல. தெரிய வேண்டிய அந்த ஒரு ஆளுக்குத்தான் தெரியாது. நாளைக்கே திறந்துவிடச் சொல்லுங்க. ஊரும் போடச் சொல்லுங்க. திருநெல்வேலின்னே போடட்டும். இங்கனயே இன்னொரு பிள்ளை இருந்தா அவங்களாவது வரட்டும்.”

பூட்டி வைத்ததா, என்ன பூட்டு என்று அத்தை கேட்டார். மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் கொழுந்தியாளைப் பார்த்தேன், கல்யாணம் அவளுடையது அல்லவா. அவள் மீன் முள் கிடந்த இலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். “என்னைய ஏன் பாக்கிய அத்தான்? இப்படி ஒரு விஷயம் கேட்டுட்டு வராதவங்க, வந்து மட்டும் என்ன செய்யப்போறாங்க? அக்கா சொல்லுதபடி செய்யுங்க” என்றாள். மடித்த இலையையே மறுபடியும் மடித்தாள். எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஆய்வுக்கூடத்தில் ஊரைத் திருநெல்வேலி என்று போட்டு, வெளியிடும் தேதியை அன்றைய தேதியாக மாற்றினோம். ஒரு பொத்தானை அழுத்துவதோடு முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றாள்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து சேதியே இல்லை. மாமா என்னோடு பேசுவதை நிறுத்தினார். நாங்கள் எல்லாரும் கல்யாணப் பேச்சு அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, கல்யாணச் சேலைக்கு ஜாக்கெட் தைக்க அளவு ஜாக்கெட் ஒன்று கொடுத்துவிடச் சொல்லி அங்கிருந்து ஆள் வந்தது. ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள், சரியாகக் கேட்டார்களா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கல்யாணம் நடந்தது, மாமா மறுபடியும் மருமவனே என்றார்.

காப்பகத்திலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. நானும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் மத்தியானம், பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் கூப்பிட்டாள். “அண்ணே, உடனே வாங்க.” அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரு டாக்டர் கடிதம் அனுப்பியிருந்தார். நாட்டின் பெயரைச் சொன்னாள், எனக்குப் பிடிபடவில்லை. அவர் பார்க்கிற ஒரு பெண் பிள்ளைக்கு அதே மரபணுவில் அதே எழுத்து மாறியிருக்கிறது. அவளும் நடந்து, பிறகு விழுந்தவள். பேச்சு போனது. சக்கர நாற்காலி. வலிப்பு உண்டு, மருந்தில் கட்டுப்படுகிறது. என்ன மருந்து என்றும் எழுதியிருந்தார். ஆய்வுக்கூடப் பெண் வாசிக்க வாசிக்க எனக்குள் என்ன நடந்தது என்று சொல்வது கஷ்டம். சந்தோஷம் வந்தது. இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளை இதே பாடு படுகிறது என்று கேட்டு ஒருவனுக்குச் சந்தோஷம் வரலாமா? இனிமேல் மகள் நடக்கவே மாட்டாள் என்பதும் அதே கடிதத்தில்தானே இருந்தது? அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். நன்றி என்றுகூடச் சொன்னேனா என்று ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். நாற்காலி, வலிப்பு, மருந்து, பேச்சு போனது. அவள் ஊட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள். நான் முடித்ததும்,

“அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?” என்றாள்.

நான் முழித்தேன். பிள்ளை பிள்ளை என்றதால் நம் பிள்ளை வயதுதான் என்று நானே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். போனை எடுத்து அந்தப் பெண்ணைக் கேட்டேன். “முதல்லயே சொன்னேனே அண்ணே, நீங்க தலையாட்டுனீங்களே” என்றாள். அவள் மறுபடியும் சொன்னதை அப்படியே திருப்பி என் மனைவியிடம் சொன்னேன்.

“பத்தொன்பது.”

“இருக்காளா?”

“இருக்கா. போன மாசம்தான் பிறந்தநாள் கொண்டாடியிருக்காங்களாம்.”

என் மனைவி கையில் எடுத்த வாய்ச் சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் மனைவி மகளின் மோவாயைப் பிடித்துக்கொண்டு, “ஏட்டி, அப்ப இன்னும் எவ்வளவு சோறுட்டி உனக்கு ஊட்டணும் நான்?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள்.